துடக்கோடு ஏறிய மலை

வீட்டிலிருந்த மூன்று போன்களும் ஒரே நேரத்தில் அலறின.

சனிக்கிழமை, நல்ல வெயில். கமலாம்பிகை படுக்கையறைத் தரையில் பயணப் பெட்டியை விரித்து வைத்து, முழங்காலுக்குப் போடும் பட்டியை எந்த மூலையில் செருகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் அவளுடைய போன், கீழே கூடத்தில் கணவர் ஜெயரட்ணத்தின் போன், அடுத்த அறையில் மகள் துவாரகாவின் போன். ஒன்று அடித்தால் யாரோ கதைக்கக் கூப்பிடுகிறார்கள். மூன்றும் சேர்ந்து அடித்தால் யாரோ செத்துப்போனார்கள். ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் எந்தத் தமிழ் வீட்டிலும் இதுதான் வழக்கம்.

அவள் போனைத் தொடவில்லை. கீழே ஜெயரட்ணம், “ஓம் அக்கா... ஓம்... எப்ப?” என்று கேட்பது கேட்டது. படியில் அவருடைய காலடி ஏறி வந்தது. கதவடியில் நின்று, பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

“தேவண்ணை மோசம் போயிட்டாராம். ஜேர்மனியில. ஹார்ட் அற்றாக்.”

தேவராசா ஜெயரட்ணத்தின் பெரியப்பா மகன். டோர்ட்முண்டில் இருந்தவர். ஊரில் ஒரு காணிக்கு யார் வேலி அடைப்பது என்பதில் தொடங்கிய சண்டையில், இரண்டு வீட்டுக்கும் பல வருடங்களாகப் பேச்சில்லை. பிள்ளைகளின் கல்யாணத்துக்குக்கூட ஒருவரை ஒருவர் அழைத்ததில்லை. கமலாம்பிகை அவரைக் கடைசியாகப் பார்த்தபோது இருவருக்கும் தலைமயிர் கறுப்பு.

அவள் “ஐயோ” என்றாள். உண்மையாகவே சொன்னாள். அடுத்த நிமிடமே அவளுக்கு விளங்கிவிட்டது, கணவர் ஏன் பெட்டியைப் பார்த்தார் என்று.

தகப்பன் வழிச் சகோதரன் செத்தால் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தொரு நாள். கோயிலுக்குப் போகக்கூடாது, விளக்கேற்றக்கூடாது, நல்ல காரியம் ஒன்றும் கூடாது. அவளுடைய விமானம் அடுத்த வெள்ளிக்கிழமை.

அவள் போக இருந்தது கிரேக்க நாட்டு மலைகளுக்கு. அங்கே பார்க்கப் போவது துறவி மடங்களை.

இதற்குக் காரணம் ஒரு கலண்டர். கமலாம்பிகை இளவேனிலில் ஓய்வு பெறும்வரை ஸ்காபரோவில் ஒரு பேஸ்ட்ரித் தொழிற்சாலையில் வேலை செய்தாள். கடதாசியை விட மெல்லிய மாத்தாள்களை இழுத்து, மடித்து, பெட்டியில் அடுக்கும் வேலை. முதலாளி கிரேக்கர். வரிசையில் பாதிப் பேர் கிரேக்கப் பெண்கள், பாதிப் பேர் தமிழ்ப் பெண்கள். சாப்பாட்டு அறைச் சுவரில் டான்போர்த் தெருக் கிரேக்கத் தேவாலயம் ஒன்று கொடுத்த கலண்டர் தொங்கியது. அதில் ஒரு மாதத்தின் படம் மட்டும் வருடம் போனாலும் கிழிபடவில்லை. செங்குத்தான பாறையில் ஒட்டிவைத்ததுபோல் எட்டு மாடிக் கட்டடம். மேலே பாறை, கீழே பள்ளம்.

பக்கத்து மேசையில் வேலை செய்த வசிலிக்கி அந்த மலைப் பக்கத்து ஊர்க்காரி. மலைக்குள் கலாவ்ரிதா என்ற சிற்றூர். பற்சக்கரத்தால் மலையைக் கடித்து ஏறும் குட்டி ரயில் ஒன்று உண்டு என்பாள். குகைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏரிகள் என்பாள். படத்திலிருக்கும் மடத்தின் பெயருக்குப் பெரிய குகை என்று பொருளாம். பழைய காலத்தில் ஆடு மேய்த்த பெண்பிள்ளை ஒருத்தி, தாடி நனைந்து வந்த ஆட்டின் பின்னால் போய் அந்தக் குகையில் மாதா படத்தைக் கண்டெடுத்தாளாம். வசிலிக்கியின் ஆங்கிலம் பாதி, கையசைப்பு பாதி. கமலாம்பிகைக்கு எல்லாம் விளங்கியது. வசிலிக்கி வேலையை விட்டுப் போன பிறகும் படம் இருந்தது. தேநீர் குடிக்கும்போதெல்லாம் அதைத்தான் பார்த்தாள்.

கோடையில் ஒருநாள் வைத்தியர் அவளுடைய முழங்கால் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மாரியில் வெட்டிச் சத்திரசிகிச்சை செய்துதான் ஆகவேண்டும், பிறகு படி ஏறுவது சந்தேகம் என்றார். அன்று பின்னேரமே அவள் தன் பழைய வேலைத் தோழி அன்ரனெற்றுக்குப் போன் எடுத்தாள். பாசையூர்க் கத்தோலிக்கக்காரி. ஒரே வரிசையில் மா இழுத்தவள். “ஏறுற கால் இருக்கேக்கையே போவம்” என்றாள் கமலாம்பிகை. அன்ரனெற் யோசிக்கவேயில்லை. துவாரகா உட்கார்ந்து ரிக்கெற் போட்டுக் கொடுத்தாள்.

ஜெயரட்ணத்திடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று அவர் நல்ல மனநிலையில் இல்லை. காலையிலிருந்து மேசைமேல் அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஏதோ வெளிநாட்டு நம்பர். “கள்ளக் கோல்” என்று சொல்லி அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். அது கவிழ்ந்தபடியே மேசையில் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த எரிச்சலோடுதான் அவர் கேட்டார்.

“அங்க ஆர் இருக்கினம்?”

“ஒருதரும் இல்லை.”

“ஒருதரும் இல்லாத ஊருக்கு ஆர் போறது?”

“நான் போறன். லண்டனுக்குப் போனால் உங்கட மருமகள் வீட்டுக் கதிரை. பாரிசுக்குப் போனால் என்ர தங்கச்சி வீட்டுக் கதிரை. ஈபிள் ரவரைக் கார்க் கண்ணாடிக்குள்ளாலதான் பாத்தனான். ஒருதரும் இல்லாத இடம் ஒண்டை நான் பாக்கவேணும்.”

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படியே விட்டிருந்தால் அவள் சத்தமில்லாமல் போய் வந்திருப்பாள். இடையில் தேவராசா செத்துப்போனார்.

பின்னேரம் பிக்கரிங்கிலிருந்து நாகபூசணி வந்து இறங்கினாள். ஜெயரட்ணத்தின் அக்கா. குடும்பத்தில் எந்தச் சாவுக்கு யாருக்கு எத்தனை நாள் துடக்கு என்பதைச் சொல்லும் அதிகாரம் அவளுடையது. ஐயரே சந்தேகம் வந்தால் அவளுக்குப் போன் எடுப்பார் என்று துவாரகா பகிடி பண்ணுவாள். நாகபூசணி சப்பாத்தைக் கழற்றுமுன்பே தொடங்கிவிட்டாள். சுவாமி அறைக் கதவைச் சாத்து, இறைச்சி மீன் வேண்டாம், பெட்டியை அவிழ்.

கமலாம்பிகை தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். பெட்டியை அவிழ்க்க மாட்டேன் என்றும் சொன்னாள்.

“கோயிலுக்குத்தானே போறாய்? துடக்கோட கோயிலுக்குப் போகலாமோ?”

“அது எங்கட கோயில் இல்லை, மச்சாள்.”

“எங்கட கோயில் இல்லாட்டி ஏன் போறாய்?”

துவாரகா படியில் இருந்தபடி வாயைப் பொத்திச் சிரித்தாள். நாகபூசணி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த சட்டத்தை எடுத்தாள். கோயிலை விட்டாலும் மலை இருக்கிறது. செத்து ஒரு வருடம் முடியும்வரை மலை ஏறக்கூடாது. கமலாம்பிகை அமைதியாகக் கேட்டாள், போன வருடத் துடக்கில் மச்சாள் கசினோவுக்குப் பஸ் ஏறினாரே, அது எந்தக் கணக்கு என்று. அது மலையும் இல்லை, கோயிலும் இல்லை என்றாள் நாகபூசணி.

பிறகு எல்லாரும் ஒன்றாகக் கதைத்தார்கள். ஊர் என்ன சொல்லும், தேவராசாவின் மனைவி கேள்விப்பட்டால் என்ன நினைப்பாள், பங்காளி செத்துக் கிடக்க ஒருத்தி உல்லாசப் பயணம் போனாள் என்று பெயர் வரும். ஜெயரட்ணம் நிலத்தைப் பார்த்தபடியே, “அக்கா சொல்லுறது சரிதானே” என்றார்.

கமலாம்பிகை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“சரி. தேவண்ணையின்ர செத்தவீட்டுக்கு ஆர் போறியள்?”

ஜெயரட்ணம் நாகபூசணியைப் பார்த்தார்.

“ஜேர்மனிக்கு ஒரு ரிக்கெற் போடுங்கோ. நீங்களோ, மச்சாளோ ஆராவது ஒராள் போங்கோ. போனால் நான் என்ர பெட்டியை இப்பவே அவிழ்க்கிறன்.”

நாகபூசணி குளிர் தொடங்கிவிட்டது, தன் உடம்புக்கு ஆகாது என்றாள். ஜெயரட்ணம் எழுந்து ஜன்னலடிக்குப் போனார். வெளியே பக்கத்து வீட்டுக்காரன் புல்லு வெட்டுவதை ரொம்ப நேரம் பார்த்தார்.

“அவர் உயிரோட இருக்கேக்க ஒருதரும் கதைக்கேல்லை. செத்த பிறகும் போகமாட்டியள். ஆனால் அவற்ற துடக்கை மட்டும் நான் காக்கவேணும்” என்றாள் கமலாம்பிகை. குரலை உயர்த்தவில்லை. “நான் வெள்ளிக்கிழமை போறன்.”

நாகபூசணி தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்தாள். முப்பத்தோராம் நாள் படையல் தன் வீட்டில்தான் என்றும், மலை ஏறிய காலோடு யாரும் தன் வாசற்படியில் ஏறத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிரவு ஜெயரட்ணம் ஒரே ஒரு வசனம் சொன்னார். எயாப்போட்டுக்குக் கொண்டுபோய் விடவும் மாட்டேன், கூட்டிவரவும் மாட்டேன்.

வெள்ளிக்கிழமை துவாரகாதான் கொண்டுபோய் விட்டாள். “அம்மா, ஜஸ்ட் கோ. போனை ஓஃப் பண்ணி வையுங்கோ” என்றாள். அன்ரனெற் நீளப் பாவாடையும் செபமாலையுமாக எயாப்போட் வாசலில் நின்றாள். கதையைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“எங்கட ஆக்கள் செத்தால் நேர கோயிலுக்குத்தான் கொண்டுபோவம். உங்கட ஆக்கள் செத்தால் நீங்கள் கோயிலைப் பூட்டுறியள். எனக்கு இண்டைக்கும் இது விளங்கேல்லை, கமலா.”

*

பற்சக்கர ரயில் வசிலிக்கி சொன்னதுபோலவே இருந்தது. கடற்கரை ஊரில் கிளம்பி, ஆற்றோடு ஒட்டிக்கொண்டு பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது. இருபுறமும் பாறை. கையை நீட்டினால் தொடலாம் போல. ஏற்றம் கடுமையான இடங்களில் வேகம் குறைந்து, அடியில் சக்கரம் தண்டவாளத்தைக் கவ்வும் ஓசை கேட்டது. கீழே நீர் வெள்ளையாகப் பாறையில் மோதியது. கமலாம்பிகை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். யாருக்கும் போன் எடுத்துக் காட்டவில்லை. இது அவளுக்கு மட்டும்.

இடையில் ஒரு சின்ன நிலையத்தில் இறங்கி, ராக்சி பிடித்து மேலே போனார்கள். வளைவு ஒன்று திரும்பியதும் கலண்டர் படம் எதிரே வந்து நின்றது. அதே பாறை, அதே எட்டு மாடி. படத்தில் தெரியாத ஒன்று மட்டும் இருந்தது. மொட்டை மாடியில் யாரோ துறவியின் உடுப்புகள் காய்ந்துகொண்டிருந்தன.

முழங்கால் பட்டியை இறுக்கிக்கொண்டு படி ஏறினாள். வாசலுக்கு வந்தாள். உள்ளேயிருந்து சாம்பிராணி மணம் வந்தது.

அவள் கால் நின்றுவிட்டது.

அன்ரனெற் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தாள். “என்ன?”

“நீ போ. நான் இதில இருக்கிறன்.”

“கால் நோகுதோ?”

“இல்லை.”

கால் நோகவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம். ஒரு வீட்டையே எதிர்த்து, கடல் தாண்டி, மலை ஏறி வந்திருக்கிறாள். தடுக்க இங்கே ஒருவரும் இல்லை. ஆனாலும் சாம்பிராணி மணம் வந்ததும் உடம்பு தானாக ஒதுங்கி நிற்கிறது. சின்ன வயதில் பழகிய ஒதுக்கம். மூக்கில் கோயில் மணம், வீட்டில் சாவு, நில் என்கிறது. நாகபூசணி பிக்கரிங்கில் இல்லை. கமலாம்பிகையின் தோலுக்குள்ளேயே இருந்தாள்.

அன்ரனெற் வெளியே வந்தபோது கையில் சீனி தூவிய இனிப்புத் துண்டு இரண்டு இருந்தன. துறவி கொடுத்தாராம். ஒன்றைக் கமலாம்பிகைக்கு நீட்டினாள். துடக்கில் இனிப்புச் சாப்பிடலாமோ என்று பகிடியாகக் கேட்டாள். கமலாம்பிகை சிரிக்கவில்லை. வாங்கிச் சாப்பிட்டாள்.

“அந்த ஆட்டுக்காரப் பிள்ளையிட்ட ஆரும் கேட்டவையோ, வீட்டில துடக்கோ எண்டு?” என்றாள் அன்ரனெற், ராக்சிக்குள் ஏறும்போது.

அடுத்த நாள் ஏரிக் குகைக்குப் போனார்கள். மலையின் வயிற்றுக்குள் இரும்புப் பாலம் போட்டிருந்தது. பாலத்தின் கீழே தண்ணீர், ஒரு குளத்துக்கு மேல் இன்னொரு குளம், ஒவ்வொன்றுக்கும் கல்லாலான வரம்பு. மனிதர் கட்டியதல்ல, தண்ணீரே சுண்ணாம்பைக் கொண்டுவந்து கட்டியது. கூரையிலிருந்து கற்கள் ஊமத்தம்பூப் போலத் தொங்கின. எங்கேயோ ஒரு சொட்டு விழுந்தது. நடத்திப்போன பெண், இந்த வரம்புகளை அவசரமில்லாமல் தண்ணீர் கட்டியது என்றாள். கமலாம்பிகைக்கு அந்தக் குகை பிடித்துப்போனது. சாம்பிராணி மணம் இல்லை. கால் நிற்கவில்லை. வெளிச்சத்துக்கு வந்தபோது, அன்ரனெற்றின் கையைப் பிடித்து, “இதை மட்டும் பாத்தாலே வந்ததுக்குப் போதும்” என்றாள். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

பின்னேரம் அகியா லாவ்ரா மடம். கிரேக்கர் துருக்கிய ஆட்சிக்கு எதிராக எழும்பினபோது கொடி உயர்த்திய இடம் என்று சொல்லப்படுவது. வாசலில் பெரிய மரம் ஒன்று. அன்ரனெற் உள்ளே போனாள். கமலாம்பிகை மரத்தின் கீழ் இருந்தாள். மடத்துப் பூனை ஒன்று அவள் மடியில் ஏறிப் படுத்தது. அதற்கும் துடக்கு விளங்கவில்லை.

திரும்பும் வழியில் ராக்சிக்காரர் கேட்காமலே ஒரு குன்றில் நிறுத்தினார். கலாவ்ரிதாவுக்கு வருகிறவர்கள் இங்கே ஏறாமல் போவதில்லை என்றார். குன்றின்மேல் பெரிய வெள்ளைச் சிலுவை. கல்லில் பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் வரிசையாக, தகப்பன், பிள்ளை, பிள்ளை, பிள்ளை.

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்து மூன்றில், மார்கழி மாதம், ஜேர்மன் படை இந்த ஊரின் ஆண்களை, பையன்களிலிருந்து கிழவர்கள் வரை, இந்தச் சரிவுக்குக் கொண்டுவந்து சுட்டது. பெண்களையும் குழந்தைகளையும் பள்ளிக்கூடத்தில் அடைத்துத் தீ வைத்தது. அவர்கள் உடைத்துக்கொண்டு வெளியே வந்து, குன்றில் ஏறிப் பார்த்தார்கள். பிறகு போர்வைகளில் கிடத்தி இழுத்து, உறைந்த மண்ணைத் தாங்களே தோண்டிப் புதைத்தார்கள். மடங்களும் எரிந்தன, துறவிகளும் செத்தார்கள்.

ராக்சிக்காரர் இதைச் சொல்லும்போது குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. அவருடைய பாட்டனின் பெயர் கல்லில் இருந்தது. விரலால் காட்டினார்.

கமலாம்பிகைக்குத் தன் நாட்டில் போர் முடிந்த ஒரு கடற்கரை ஞாபகம் வந்தது. அன்ரனெற் செபமாலையைக் கையில் எடுத்தாள்.

கமலாம்பிகை ராக்சிக்காரரிடம் ஒன்றுதான் கேட்டாள். ஊர் முழுக்கச் சாவீடு. அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் எவ்வளவு நாள் கோயிலுக்குப் போகாமல் இருந்தார்கள்? அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. அன்ரனெற் இன்னும் கொஞ்சம் நல்ல ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

போகாமல் இருந்தால் வேறு எங்கே போவது என்று திருப்பிக் கேட்டார்.

அடுத்த நாள் அவர்கள் கடைத்தெருவுக்குப் போகவில்லை. கமலாம்பிகை காலையிலேயே முழங்கால் பட்டியைக் கட்டிக்கொண்டு விடுதி வாசலில் நின்றாள். பெரிய குகை மடத்துக்கு ராக்சி பிடித்தார்கள்.

படி ஏறினாள். சாம்பிராணி மணம் வந்தது. கால் தயங்கியது. “நட” என்றாள், வாய்விட்டு, தன் காலுக்கு. வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். உள்ளேயிருந்த வயதான துறவி, தேவையில்லை, போட்டுக்கொண்டே வரலாம் என்று கையால் காட்டினார். அவளும் கையால் காட்டினாள், இது தேவை என்று. கல் பனிக்கட்டி போலிருந்தது. வெறுங்காலோடு நடந்து உள்ளே போனாள்.

பாறையைக் குடைந்த சின்னக் கோயில். தொங்கு விளக்குகள். ஆட்டுக்காரப் பிள்ளை கண்டெடுத்தது என்று சொல்லும் படம், மெழுகிலும் பிசினிலும் செய்தது, நெருப்புப் பட்டுக் கருத்து, முகம் எது, கை எது என்று தெரியாமல் இருந்தது. எத்தனையோ தடவை எரிந்த கோயிலில் மிச்சமிருந்த முகம். கமலாம்பிகைக்கு அது பிடித்தது.

மணல் தட்டில் குத்துவதற்கு மெல்லிய மெழுகுதிரி ஒன்றை எடுத்தாள். ரொறன்ரோவிலிருந்து வரும்போது தன் முழங்காலுக்கு ஒன்று கொளுத்துவதாக நினைத்திருந்தாள். திரியில் நெருப்புப் பிடித்ததும் வாயில் வேறு பெயர் வந்தது.

அன்ரனெற் படம் எடுத்தாள். வெளியே வந்து, வெயில் படும் மதிலில் இருந்துகொண்டு, கமலாம்பிகை மூன்று நாளாக அணைத்து வைத்திருந்த போனை எடுத்தாள். குடும்ப வட்ஸ்அப்பில் அந்தப் படத்தைப் போட்டாள். நாகபூசணி, நாகபூசணியின் பிள்ளைகள், லண்டன், பாரிஸ், சிட்னி என்று எல்லாரும் இருக்கும் குழு. படத்தின் கீழ் எழுதினாள்: “தேவராசா அண்ணைக்காக, கிரேக்க நாட்டு மலைக்கோயிலில். துடக்கோடு உள்ளே போய்க் கொளுத்தியது. கமலாம்பிகை.”

“பேர் வேற போடுறாய். படத்தில நீதானே நிக்கிறாய்” என்றாள் அன்ரனெற்.

“பிறகு ஆரும் இல்லையெண்டு சொல்லக்கூடாது.”

ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் எழுதவில்லை. பெருவிரல் குறி ஒன்றுகூட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரேயொரு செய்தி வந்தது. நாகபூசணி குழுவை விட்டு விலகிவிட்டாள் என்று போன் அறிவித்தது. அன்ரனெற் சிரித்த சிரிப்பில் மதிலில் இருந்த புறாக்கள் எழும்பின.

*

பியர்சன் விமான நிலையத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது கமலாம்பிகை துவாரகாவைத் தேடினாள். கம்பித் தடுப்புக்கு அப்பால் ஜெயரட்ணம் நின்றார். கையில் அவளுடைய தடித்த ஜக்கெற். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. துடக்குத் தாடி.

அன்ரனெற்றின் மகன் வந்து அவளைக் கூட்டிப்போனான். போகும்போது அன்ரனெற், “கவனம்” என்று கண்ணால் சொன்னாள். கமலாம்பிகை ஜக்கெற்றை வாங்கிப் போட்டாள். நன்றி சொல்லவில்லை. சண்டை வந்தால் நின்று பிடிக்க வேண்டிய வசனங்களை விமானத்திலேயே அடுக்கி வைத்திருந்தாள்.

நானூற்றொன்று நெடுஞ்சாலையில் கார் கிழக்கே ஓடியது. பக்கத்தில் லொறிகள். கென்னடி ரோட் தாண்டியபோது ஜெயரட்ணம், அக்கா முப்பத்தோராம் நாளுக்கு எங்களைக் கூப்பிடமாட்டாவாம் என்றார்.

“கூப்பிடவேண்டாம். எங்கட வீட்டில நானே படைப்பன். தேவண்ணைக்கு என்ன விருப்பமெண்டு ஆருக்காவது தெரிஞ்சால் சொல்லச் சொல்லுங்கோ, அதையும் சமைப்பன்.”

“கணவாய்க் கறி” என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி.

அவள் திரும்பிப் பார்த்தாள். பல வருடமாக அவர் வாயில் தேவராசாவைப் பற்றி இப்படி ஒரு சொல் வந்ததில்லை.

“படையலுக்குக் கணவாய் வைக்கேலாது” என்றாள். “முப்பத்தொண்டு முடிய அடுத்த நாள் வைப்பன். உங்கட அக்கா என்ன சொன்னாலும் வைப்பன். இன்னொண்டும் சொல்லுறன். கால் வெட்டிச் சுகம் வந்தால் நான் திரும்பவும் போவன். உங்களிட்டக் கேக்கமாட்டன், சொல்லிப்போட்டுப் போவன்.”

அவர் சண்டைக்கு வரவில்லை. மீடோவேல் ரோட் வந்தது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடம். அவர் திரும்பவில்லை. நேரே போய், அடுத்த வெளியேற்றத்தில் இறங்கி, ஒரு கடைத் தரிப்பிடத்தின் மூலையில் காரை நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். இரு கையும் ஸ்ரியறிங்கில்.

“அந்த மெழுகுதிரி” என்றார். “முழுக்க எரிஞ்சதோ? இடையில நூந்து போச்சோ?”

“முழுக்க எரிஞ்சது. நான் முடியுமட்டும் நிண்டனான்.”

அவர் தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். திறக்கவில்லை. முகம் கீழே இருக்கும்படி, தொடையில் கவிழ்த்து வைத்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கமலாம்பிகை அடுக்கி வைத்திருந்த வசனங்கள் ஒவ்வொன்றாக விலகிப் போயின. அவள் காத்திருந்தாள்.

“அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடிச்சது கள்ளக் கோல் இல்லை, கமலா. அது தேவண்ணை.”